இடைக்கோடு போட்ட டேகுகள்

வலைப்பக்கத்தில் 'வீடியோ' என்று ஒரே ஒரு டேக் எழுதி, அதில் 'கண்ட்ரோல்ஸ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஓட்ட ஒரு பொத்தான், முன்னும் பின்னும் நகர்த்த ஒரு பட்டை, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் எண், எல்லாம் தானே வந்து நிற்கும். பக்கத்தை எழுதியவர் இதில் எதையும் எழுதவில்லை. பிரவுசரைச் செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், குரோம் போன்ற பிரவுசர்களில் அவர்கள் அதை எழுதியிருப்பதும் நாம் எழுதும் அதே எச்டிஎம்எல்லில்தான். குரோமின் டெவலப்பர் கருவிகளில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் அடித்துவிட்டு வீடியோ டேகைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டிப் பக்கமே ஒளிந்திருப்பது தெரியும்.

கூகுளில் குரோமுக்காக வேலை செய்துகொண்டிருந்த டிமிட்ரி கிளாஸ்கோவ் 2011 ஜனவரியில் இந்த ரகசியத்தைப் பொதுவில் விளக்கி எழுதினார். பட்டையைப் பிடித்து இழுக்கிறோமே, அந்தப் பிடி எங்கே இருக்கிறது? பிரவுசர் ஒரு பக்கத்தைப் படித்து நினைவில் கட்டிக்கொள்ளும் மரத்துக்கு டாம் என்று பெயர். அந்த மரத்தில் எவ்வளவு தேடினாலும் அந்தப் பிடி அகப்படாது. அது இன்னொரு மரத்தில், ஷேடோ டாமில் இருக்கிறது. பக்கத்தின் ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் அதைத் தொடாது. பிரவுசர்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த வசதி இது. படித்தவர்களுக்கு அடுத்து தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இதை எங்களுக்கும் கொடுத்தால் என்ன?

கொடுப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. எண்ணிப் பார்த்தால் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.

இந்த ஆசை 2011-இல் பிறந்ததும் அல்ல. 1998-இலேயே மைக்ரோசாஃப்ட் 'எச்டிஎம்எல் கம்போனண்ட்' என்ற யோசனையை, வலையின் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் கொண்டுபோனது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் அது வேலையும் செய்தது. ஆனால் அந்த ஒரு பிரவுசரில் மட்டும். மறுபக்கம் நெட்ஸ்கேப், மொசில்லா முகாமில் டேவிட் ஹயட்டும் அவருடைய சகாக்களும் எக்ஸ்பிஎல் என்று ஒன்றைச் செய்தார்கள். 2001-இல் அதுவும் டபிள்யூ3சி-யின் வாசலுக்குப் போனது. ஃபயர்பாக்ஸின் பொத்தான்கள், மெனுக்கள், முகவரிப் பட்டை எல்லாம் ஆண்டுக்கணக்கில் அதன் மேல்தான் நின்றன. ஆனாலும் ஃபயர்பாக்ஸுக்கு வெளியே யாரும் அதைச் சீந்தவில்லை. இரண்டாம் பதிப்பை இயன் ஹிக்சன் தொகுத்தார். 2007-இல் அது டபிள்யூ3சி-யின் படிகளில் இறுதிக்கு மிக அருகில் வரை ஏறியது. ஒரு பிரவுசர்கூட அதைச் செய்யவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதைக் கைவிட்டதாக எழுதி மூடினார்கள்.

இந்த இரண்டு முன்னோர்களும் மோசமான தொழில்நுட்பம் என்று நான் சொல்ல மாட்டேன். எக்ஸ்பிஎல்லில் இருந்த பல யோசனைகள் வேறு பெயரில் பின்னால் திரும்பி வந்தன. அவை தோற்றதற்குக் காரணம் வேறு. வலையில் ஒரு வசதி இருக்கிறது என்று சொல்வதற்கு அதைக் கண்டுபிடித்தவர் போதாது. அவருடைய போட்டியாளரும் அதைச் செய்து தர வேண்டும். தமிழ்ப் பத்திரிகையின் பக்கமோ வங்கியின் பக்கமோ, வாசகர் எந்த பிரவுசரில் திறப்பார் என்று யாருக்குத் தெரியும்? நாலில் ஒன்றில் வேலை செய்யாத வசதியை நம்பி யாரும் பக்கம் கட்ட மாட்டார்கள். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு கட்டாயத்தைச் சுற்றித்தான் நகர்கிறது.

2011 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஃப்ரண்டியர்ஸ் மாநாட்டில், கூகுளின் அலெக்ஸ் ரஸல் மேடையேறி வெப் கம்போனண்ட் என்ற பெயரைச் சொன்னார். அந்தப் பெயரின் கீழ் பிற்பாடு நாலு உருப்படிகள் திரண்டன. முதலாவது, சொந்தமாக டேக் உருவாக்கும் வசதி. கஸ்டம் எலிமெண்ட் என்பார்கள். இரண்டாவது, ஷேடோ டாம். மூன்றாவது, பக்கத்தில் எழுதி வைத்தாலும் தேவைப்படும்வரை செயலற்றுக் கிடக்கும் டெம்ப்ளேட் டேக். நாலாவது, ஒரு எச்டிஎம்எல் கோப்பை இன்னொன்றுக்குள் இழுத்து வரும் எச்டிஎம்எல் இம்போர்ட்.

டெம்ப்ளேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் 2013-இல் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும், அடுத்த ஆண்டு ஆப்பிளின் சஃபாரியிலும் வந்து சேர்ந்தது. நாலில் நல்ல பிள்ளை அதுதான்.

கஸ்டம் எலிமெண்ட்டின் விதிகளில் எனக்குப் பிடித்தது பெயர் விதி. நாமே வைக்கும் டேகின் பெயரில் ஓர் இடைக்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். எச்டிஎம்எல்லின் சொந்த டேகுகளில் இடைக்கோடு கிடையாது, இனிமேலும் வராது என்று ஓர் ஒப்பந்தம். இதனால் நாளைக்கு எச்டிஎம்எல் புதிதாக எந்த டேகைக் கொண்டுவந்தாலும் நம்முடைய டேகோடு மோதாது. எஸ்விஜி, மேத்எம்எல் போன்ற பழைய மொழிகளில் ஏற்கெனவே இடைக்கோடு போட்ட எட்டுப் பெயர்கள் இருந்தன. அவற்றை மட்டும் தடைப்பட்டியலில் வைத்தார்கள். இன்னொன்று: பெயரின் முதல் எழுத்துதான் ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது தமிழ் எழுத்தாக இருந்தாலும் விதி ஏற்கும். அனுமதிக்கப்பட்ட யூனிகோட் வீச்சுக்குள் தமிழ் முழுவதும் அடங்குகிறது. எமோஜியும் அடங்குகிறது, விதிநூலே ஓர் எமோஜிப் பெயரை உதாரணமாகத் தந்திருக்கிறது. தமிழில் டேக் எழுதிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வழி திறந்தேதான் இருக்கிறது, அந்த ஒற்றை ஆங்கில எழுத்தைச் சகித்துக்கொண்டால்.

ஷேடோ டாம் ஏன் வேண்டும் என்பதற்குப் பெரிய காரணம் சிஎஸ்எஸ்ஸின் குணம். சிஎஸ்எஸ் கூட்டுக்குடும்பத்து அடுக்களை மாதிரி. யார் வேண்டுமானாலும் எந்தப் பானையிலும் உப்புப் போடலாம். பக்கத்தின் ஒரு மூலைக்காக 'பொத்தான் எல்லாம் சிவப்பு' என்று எழுதிய வரி, நாலு கோப்பு தள்ளி வேறொருவர் எழுதிய பொத்தானையும் சிவப்பாக்கிவிடும். பெரிய நிறுவனங்களில் இதைத் தடுக்க வகுப்புப் பெயர்களுக்கு முன்னொட்டு, பின்னொட்டு என்று நீளநீளமான பெயரிடும் முறைகளையே உருவாக்கிக்கொண்டார்கள். ஷேடோ டாம் இந்தக் கலப்பைப் பிரவுசர் மட்டத்திலேயே நிறுத்துகிறது. வெளி சிஎஸ்எஸ் உள்ளே வராது, உள் சிஎஸ்எஸ் வெளியே கசியாது. எழுத்துரு, நிறம் போன்று மரபாக இறங்கி வரும் பண்புகள் மட்டும் எல்லையைத் தாண்டி உள்ளே வரும். தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு இது ஆறுதல்: பக்கத்துக்கு ஒரு தமிழ் எழுத்துருவை அமைத்தால் உள்ளே இருக்கும் கம்போனண்ட்டும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுத்துருவை ஏற்றும் அறிவிப்பைக் கம்போனண்ட்டுக்குள்ளே எழுதிவிட்டு, ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பக்கத்தின் பொது சிஎஸ்எஸ்ஸில் வைப்பதுதான் பாதுகாப்பு.

2013-இல் மூன்று சம்பவங்கள். ஏப்ரலில் கூகுள், ஆப்பிளோடு சேர்ந்து வளர்த்துவந்த, பக்கத்தை வரைந்து காட்டும் வெப்கிட் இன்ஜினிலிருந்து பிரிந்து பிளிங்க் என்று தனியாகப் போனது. வெப்கிட்டுக்குள் கூகுள்காரர்கள் பாதியில் விட்டுப்போன ஷேடோ டாம் வேலையை ஆப்பிள்காரர்கள் பிற்பாடு துடைத்து எறிந்தார்கள். மே மாதத்தில் கூகுள் தன் வருடாந்திர ஐ/ஓ மாநாட்டில் பாலிமர் என்ற நூலகத்தை மேடையேற்றியது. பிரவுசர்களில் இன்னும் வராத வெப் கம்போனண்ட் வசதிகளை ஜாவாஸ்கிரிப்ட்டில் பாவனை செய்து காட்டும் துணைக் குறிநிரலும் கூடவே வந்தது. பாலிஃபில் என்பது அதன் பெயர். அதே மே மாதத்தில் ஃபேஸ்புக் தன்னுடைய ரியாக்ட் நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்போது அதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எச்டிஎம்எல்லா என்று கேலி. எந்தக் குதிரை ஓடும் என்று அன்றைக்குப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நிறையப் பேர் கூகுள் பக்கம் கட்டியிருப்பார்கள்.

2014-இல் கூகுள் பொறுக்கவில்லை. குரோம் 33-இல் கஸ்டம் எலிமெண்ட், 35-இல் ஷேடோ டாம், 36-இல் எச்டிஎம்எல் இம்போர்ட் என்று சில மாதங்களுக்குள் மூன்றையும் இறக்கிவிட்டது. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவில்லை. இன்றைக்கு 'வி0' என்று சொல்வது இந்தப் பதிப்பைத்தான். அந்த ஆண்டு டிசம்பரில் மொசில்லா தன் நிலையைச் சொன்னது: எச்டிஎம்எல் இம்போர்ட்டைச் செய்யப்போவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாட்யூல் வரப்போகிறது. அது வந்தபின் இந்தத் தேவை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். மறுப்பு பணிவான மொழியில்தான் இருந்தது. ஆனால் நாலாவது உருப்படியின் உயிர் அன்றே போய்விட்டது. குரோமிலிருந்து அதை எடுக்க மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பது வேறு விஷயம்.

ஆப்பிள் என்ன சொல்கிறது என்பதுதான் மீதிக் கேள்வி. 2015-இல் கூகுள், ஆப்பிள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் நால்வரும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். ஆப்பிள் பக்கத்திலிருந்து ரியோசுகே நிவா. அவர் வெறுமனே எதிர்க்கவில்லை. மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். வி0-வில், வெளியே எழுதிய உள்ளடக்கம் உள்ளே எந்த இடத்தில் போய் உட்காரும் என்பதை உள்ளே இருக்கும் கம்போனண்ட் சிஎஸ்எஸ் தேர்வுகளால் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆப்பிளின் யோசனையில் உள்ளே பெயர் வைத்த இடங்கள் இருக்கும். வெளியே எழுதுபவர் 'இது அந்த இடத்துக்கு' என்று பெயர் சொல்லி அனுப்புவார். இன்று ஸ்லாட் என்று எல்லோரும் எழுதுவது அதுதான். பின்னோக்கிப் பார்க்கும்போது ஸ்லாட் எவ்வளவோ தெளிவு.

இன்னொரு சண்டை, கதவு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பது. வெளி ஸ்கிரிப்ட் வேண்டுமானால் உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்றது கூகுள். மூடியதே இயல்பாக இருக்கட்டும் என்றது ஆப்பிள். கடைசியில் இயல்பு என்று எதையும் வைக்காமல், ஒவ்வொரு முறையும் 'ஓப்பன்' அல்லது 'குளோஸ்டு' என்று எழுதியே ஆக வேண்டும் என்று முடித்தார்கள். பஞ்சாயத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காதபோது வரும் தீர்ப்பு இப்படித்தான் இருக்கும். இன்றைக்கு வெப் கம்போனண்ட் எழுதும் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறார்கள், பெரும்பாலும் ஓப்பன்தான்.

ஒரே எலிமெண்ட்டில் பல ஷேடோ மரங்கள் என்ற வி0-வின் சிக்கலான ஏற்பாடு நீங்கியது. எல்லையைத் துளைத்து உள்ளே போகும் சிஎஸ்எஸ் குறிகள் நீங்கின. ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்போது புதிதாக வந்திருந்த கிளாஸ் முறையை ஒட்டி கஸ்டம் எலிமெண்ட்டைத் திருத்தி எழுதினார்கள். இதுதான் 'வி1'. பிடிவாதக்காரர் என்று ஆப்பிளை அன்றைக்குத் திட்டியவர்கள் பலர். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். வி0 அப்படியே எல்லா பிரவுசரிலும் வந்திருந்தால் அதை இன்று யாரும் திருத்தியிருக்க முடியாது. வலையில் ஒரு தடவை எல்லோரும் செய்துவிட்ட ஒன்றைத் திரும்ப எடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.

2016 இலையுதிர்காலத்தில் குரோம் 53, சஃபாரி 10 இரண்டிலும் சில வார இடைவெளியில் புதிய ஷேடோ டாம் வந்தது. அடுத்த குரோம் 54-இல் புதிய கஸ்டம் எலிமெண்ட். 2017 மார்ச்சில் சஃபாரி 10.1 அதையும் சேர்த்துக்கொண்டது. கூகுளும் ஆப்பிளும் ஒன்றுபட்டுவிட்டன, இனி என்ன குறை என்று தோன்றும். குறை ஃபயர்பாக்ஸிலும் மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜிலும் இருந்தது. அதன் விலை யூடியூபில் தெரிந்தது.

2017-இல் யூடியூப் புது வடிவத்துக்கு மாறியது, பாலிமரால் கட்டியது. ஆனால் அது நம்பியிருந்தது பழைய வி0 ஷேடோ டாமை. உலகத்தில் குரோமின் இன்ஜினைத் தவிர வேறு எந்த இன்ஜினும் செய்யாத, செய்யவும் போவதில்லை என்று எல்லோரும் அறிந்த பதிப்பு. மற்ற பிரவுசர்களுக்குப் பாலிஃபில் போகும். ஷேடோ டாமை ஜாவாஸ்கிரிப்ட்டில் பாவனை செய்வது லேசுப்பட்டதல்ல. பிரவுசர் தன் உள்ளே செய்யும் பிரிவினையை, டாமின் ஒவ்வொரு செயலையும் வழிமறித்து நடிக்க வேண்டும். 2018 ஜூலையில் மொசில்லாவின் தொழில்நுட்பத் திட்ட மேலாளர் கிறிஸ் பீட்டர்சன் இதைப் பகிரங்கமாகப் போட்டு உடைத்தார்: குரோமோடு ஒப்பிட்டால் ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் யூடியூப் பக்கம் ஐந்து மடங்கு மெதுவாக ஏறுகிறது. சதி என்று சிலர் கொந்தளித்தார்கள். சதி இருந்ததோ இல்லையோ, ஒரே நிறுவனம் பிரவுசரையும் பெரிய தளத்தையும் வைத்திருந்து, தனக்கு மட்டும் இருக்கும் வசதியின் மேல் தளத்தைக் கட்டினால் விளைவு இப்படித்தான். 2014-இல் அவசரப்பட்டு இறக்கியதன் கடனை 2018-இல் மற்ற பிரவுசர்களின் வாசகர்கள் அடைத்தார்கள்.

ஃபயர்பாக்ஸ் 63, 2018 அக்டோபர் 23 அன்று ஷேடோ டாமையும் கஸ்டம் எலிமெண்ட்டையும் சேர்த்தே இயக்கி வெளிவந்தது. மொசில்லாவுக்கு இதில் சொந்தத் தேவையும் இருந்தது. முன்னே சொன்னேனே, எக்ஸ்பிஎல்; ஃபயர்பாக்ஸின் சொந்த மெனுக்களும் பொத்தான்களும் இன்னும் அதில்தான் இருந்தன. அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். எனவே ஒவ்வொன்றாகப் பிரித்து வெப் கம்போனண்ட்டில் திருப்பி எழுதினார்கள். 2019 முடிவதற்குள் எக்ஸ்பிஎல் ஃபயர்பாக்ஸிலிருந்து முற்றாக வெளியேறியது. தகப்பன் இடத்தில் பிள்ளை உட்கார்ந்த மாதிரிதான், ஏறத்தாழ இருபது ஆண்டு தாமதமாக.

எட்ஜ் கதை சுருக்கமானது. பயனர்கள் கேட்ட வசதிகளின் பட்டியலில் இவை மேலே இருந்தும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த இன்ஜினில் கடைசிவரை வரவில்லை. 2018 டிசம்பரில் அந்த இன்ஜினையே கைவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தார்கள். 2020 ஜனவரி 15-இல் எட்ஜ் 79 வந்தது. வெப் கம்போனண்ட்டும் அதோடு இலவசமாக வந்தது. நாலாவது பிரவுசர் இணங்கி வந்ததா, காணாமல் போனதா என்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். இன்ஜின்கள் மூன்றாகக் குறைந்தால் ஒருமித்த கருத்து சீக்கிரம் வரும். அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமே குரோம் 80, வி0-வையும் எச்டிஎம்எல் இம்போர்ட்டையும் வெட்டியெறிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 மட்டும் அலுவலகக் கணினிகளில் 2022 ஜூன்வரை அதிகாரபூர்வமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஆக, ஆம்ஸ்டர்டாம் மேடையிலிருந்து 2020 வரை. இந்த இடைவெளியில் உலகம் சும்மா இருக்கவில்லை. ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று கம்போனண்ட் எழுதும் பழக்கமே வேறு வழியில் வேரூன்றிவிட்டது. நிறுவனங்கள் அதற்கு ஆள் எடுத்தன, சென்னையின் பயிற்சி மையங்கள் அதற்குப் பாடம் நடத்தின. பிரவுசரே கம்போனண்ட்டைத் தந்தபோது, எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று டெவலப்பர்கள் சொன்னார்கள். அதோடு குறைகளும் இருந்தன. ஸ்வெல்ட் என்ற இன்னொரு கம்போனண்ட் கருவியை உருவாக்கிய ரிச் ஹாரிஸ் 2019-இல், தான் ஏன் வெப் கம்போனண்ட் பயன்படுத்துவதில்லை என்று காரணங்களை அடுக்கி எழுதினார். அவற்றில் பல அப்போது நியாயமானவை.

உதாரணத்துக்கு ஃபார்ம். சொந்தமாக ஓர் உள்ளீட்டுப் பெட்டி செய்து, அதன் நிஜ இன்புட்டை ஷேடோ டாமுக்குள் வைத்துவிட்டால், வெளியே இருக்கும் ஃபார்ம் அதைப் பார்க்காது. பயனர் பெயரை நிரப்பிச் சமர்ப்பி என்று அழுத்துவார். சர்வருக்குப் பெயர் போகாது. தனிமைப்படுத்தும் வசதியே இங்கே எதிரியானது. வேறு வழியின்றி டெவலப்பர்கள் ஒளிந்த ஓர் இன்புட்டை வெளியே வைத்து மதிப்பை அதில் நகலெடுத்தார்கள். கஸ்டம் எலிமெண்ட்டையே ஃபார்மின் உறுப்பினராக்கும் முறையான வழி 2019-இல் குரோம் 77-இல் வந்தது. ஃபயர்பாக்ஸ் 98-இல் அது வர 2022 ஆனது. சஃபாரி 16.4-இல் வர 2023 மார்ச் ஆனது. மூன்றரை ஆண்டுகள். ஒரு பதிவுப் படிவத்தைக்கூட ஒழுங்காகச் சமர்ப்பிக்க முடியாத ஒன்றை எதிர்காலம் என்று விற்றால் யார் வாங்குவார்கள்?

பல கம்போனண்ட்டுகள் ஒரே சிஎஸ்எஸ்ஸை நகலின்றிப் பகிர்ந்துகொள்ளும் வசதிக்கும் அதே கதைதான். குரோமில் 2019, ஃபயர்பாக்ஸில் 2022, சஃபாரியில் அதே 16.4. குரோம் முதலில் இறக்கிய வடிவத்தை மற்ற இருவரும் ஏற்கவில்லை. பட்டியலை முழுதாக மாற்றித்தான் எழுத முடியும், ஒன்றைத் தனியே சேர்க்க முடியாது என்ற ஏற்பாடு அவர்களுக்கு ஒப்பவில்லை. கூகுள் திருத்திக்கொண்டது, பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். 2014-இன் பாடம் ஓரளவு புரிந்திருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

அடுத்தது சர்வர் பிரச்சினை. ஷேடோ டாமை ஜாவாஸ்கிரிப்ட்டால் மட்டுமே உருவாக்க முடியும் என்று இருந்தது. மெதுவான இணைப்பில், ஸ்கிரிப்ட் வந்து சேரும்வரை கம்போனண்ட் இருக்கும் இடம் வெறுமையாகக் கிடக்கும். சர்வரிலிருந்து வரும் எச்டிஎம்எல்லிலேயே ஷேடோ டாமை எழுதி அனுப்பும் வழியை, டிக்ளரேட்டிவ் ஷேடோ டாமை, குரோம் 90 2021-இல் கொண்டுவந்தது. மீண்டும் தனியாக, மீண்டும் வேறு பெயரில். விதி இறுதியானபோது அட்ரிபியூட்டின் பெயர் மாறியிருந்தது. 2023-இல் குரோம் 111 தன்னைத் திருத்திக்கொண்டது. அதே மாதம் சஃபாரி 16.4. ஃபயர்பாக்ஸ் 123-இல் 2024 பிப்ரவரியில் வந்தது. பிரவுசர் நிறுவனங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் இன்டெராப் முயற்சியில் 2023-க்கு வெப் கம்போனண்ட்டும், 2024-க்கு இந்த டிக்ளரேட்டிவ் வடிவமும் இடம்பிடித்திருந்தன. அந்தத் தேதிகள் அருகருகே நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இன்று இவை எங்கே வாழ்கின்றன? பலர் அறியாமலே பார்க்கும் இடங்களில். கிட்ஹப்பில் 'மூன்று நாட்களுக்கு முன்' என்று காட்டும் நேரம் ஒரு கஸ்டம் எலிமெண்ட். 2014-இலிருந்தே அங்கே அந்தப் பழக்கம் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் ஷேடோ டாமை எடுப்பதில்லை, டேக் உருவாக்கும் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான தேர்வு என்பது என் எண்ணம். பிரவுசரில் ஓடும் ஃபோட்டோஷாப்பை அடோபி, பாலிமரின் வாரிசான லிட்டைக் கொண்டு கட்டியிருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸும் எஸ்ஏபியும் தங்கள் வடிவ நூலகங்களை இதில் தருகின்றன. அதற்கும் காரணம் உண்டு. பல்லாயிரம் வாடிக்கையாளர்களில் ஒருவர் ரியாக்ட் வைத்திருப்பார், இன்னொருவர் ஆங்குலர் வைத்திருப்பார். எல்லோருக்கும் ஒரே பொத்தானைக் கொடுக்க வேண்டுமென்றால் பிரவுசருக்குத் தெரிந்த டேகாகத்தான் கொடுக்க முடியும். நீண்ட நாள் முரண்டுபிடித்த ரியாக்டும் 2024 டிசம்பரில் வெளியான 19-ஆம் பதிப்பில் கஸ்டம் எலிமெண்ட்டை முழுதாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன், ஒரு பட்டியலை அனுப்பினாலும் அதைச் சரமாக்கித்தான் கொடுக்கும்.

தீராதவற்றில் பெரியது பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் சம்பந்தப்பட்டது. ஒரு லேபிள் எந்தப் பெட்டிக்கு உரியது என்பதை ஐடியால் இணைப்பார்கள். ஷேடோ டாமின் எல்லையை ஐடி தாண்டாது. லேபிள் வெளியே, பெட்டி உள்ளே என்றால் ரீடர் 'எடிட்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். எதன் எடிட் என்று கேட்பவருக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய ரெஃபரன்ஸ் டார்கெட் என்ற திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-இலேயே யோசித்திருக்க வேண்டிய ஒன்று இது.

ஒரே பக்கத்தில் ஒரே பெயரை இருவர் பதிவு செய்தால் இரண்டாமவருக்குப் பிழை என்ற தொல்லை இன்னொன்று. ஒவ்வொரு ஷேடோ மரத்துக்கும் தனிப் பதிவேடு என்ற தீர்வு நெடுநாள் பேச்சில் இருந்தது. 2025-இல் அதை முந்திக்கொண்டு இறக்கியது சஃபாரி 26. எப்போதும் கடைசியாக வருபவர் என்று பெயரெடுத்தவர் இந்த முறை முதலில்.

ஆனால் ஒரு 'மாட்டேன்' இன்னும் அப்படியே நிற்கிறது. புது டேக் உருவாக்காமல், இருக்கும் டேகுக்கே கூடுதல் திறன் ஏற்றுவது விதியில் உண்டு. 'இஸ்' என்ற அட்ரிபியூட்டால் அதைச் செய்வார்கள். இதன் அருமை அட்டவணையில் தெரியும். டேபிளுக்குள் தனக்குத் தெரியாத டேக் வந்தால் எச்டிஎம்எல் பார்சர் அதைத் தூக்கி அட்டவணைக்கு வெளியே போட்டுவிடும். ஆகவே சொந்தமாக ஒரு அட்டவணை வரிசை செய்ய நினைப்பவருக்கு 'டிஆர்' டேகை வைத்துக்கொண்டு அதற்கு 'இஸ்' போடுவதைத் தவிர நேர்வழி கிடையாது. குரோம் 67-இலும் ஃபயர்பாக்ஸ் 63-இலும் இது உண்டு. ஆப்பிள் தொடக்கத்திலிருந்தே மறுத்துவிட்டது. எச்டிஎம்எல்லின் சொந்த எலிமெண்ட்டுகள் இன்னொருவர் நீட்டி எழுதுவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அப்படி நீட்டியது மூலத்தின் இடத்தில் எப்போதும் பிசகாமல் உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் லிஸ்காவ் விதி என்பார்களே, அதன்படி பார்த்தால் வாதம் பிழையில்லை. அட்டவணை வரிசைக்கு வேறு வழி சொல்லாமல் விட்டதுதான் குறை.

ஐபோனில் இந்த மறுப்பு சஃபாரியோடு முடிவதில்லை. 2024 வரை உலகெங்கும் ஐபோனில் குரோம் என்றாலும் ஃபயர்பாக்ஸ் என்றாலும் உள்ளே ஓட வேண்டியது ஆப்பிளின் வெப்கிட்தான் என்பது ஆப் ஸ்டோர் விதி. அந்த ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் அது தளர்ந்தது. அதனால் 'இஸ்' எழுதுகிறவர்கள் இன்றும் கூடவே ஒரு சின்னப் பாலிஃபில்லையும் ஏற்றி அனுப்புகிறார்கள்; மற்றவர்கள், கிட்ஹப்காரர்களைப் போல, இடைக்கோடு போட்ட தனி டேகிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்.